40,000 மைல் ஃப்ரீயாம்... கார்டு வாங்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் ஒரு மாலுக்குப் போயிருந்தபோது, ஸ்டால் போட்டிருந்த ஒரு தம்பி பிடித்துக்கொண்டார். விமான கம்பெனியோடு சேர்ந்து ஒரு வங்கி கொடுக்கும் கிரெடிட் கார்டு. வருடக் கட்டணம் ரூ.10,000. கட்டணம் கட்டி, 90 நாளில் ரூ.3 லட்சம் செலவும் செய்தால் 40,000 மைல் வருமாம். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். நானும் வீட்டுக்காரரும் வருடத்துக்கு ஒரு தடவை போய் வருகிறோம். "ஒரு டிக்கெட் ஃப்ரீ மேடம்" என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: அந்த 40,000-ஐக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். மைல் என்பது இங்கே தூரம் இல்லை; டிக்கெட்டுக்குப் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய புள்ளி, சிலர் பாயிண்ட் என்பார்கள். ஒரு மைல் உங்கள் கையில் எத்தனை பைசா பெறும், அதற்கு நீங்கள் எத்தனை பைசா கொடுக்கிறீர்கள் என்று மட்டும் பார்ப்போம்.

விமான கம்பெனியின் ஆப்பைத் திறந்து, வழக்கமாகப் போகும் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு, சென்னை–சிங்கப்பூர் போக வர டிக்கெட்டை இரண்டு விதமாகத் தேடுங்கள். பணமாகக் கொடுத்தால் எவ்வளவு, மைலாகக் கொடுத்தால் எவ்வளவு? கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: பணமாக ரூ.24,000. மைலாக 30,000, கூடவே ரூ.7,000. இந்த ஏழாயிரத்தை ஸ்டாலில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. மைலில் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் நம் கையிலிருந்துதான் போகும். சில கம்பெனிகள் சர்சார்ஜ் என்று ஒரு கூடுதல் கட்டணத்தையும் சேர்த்துக் கறந்துவிடும். ஆக, 30,000 மைல் உங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது ரூ.17,000. மைலுக்குச் சுமார் 57 பைசா.

இனி செலவுப் பக்கம். கட்டணம் பத்தாயிரத்துக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.11,800. இதே மூன்று லட்சத்தை 1.5% கேஷ்பேக் தரும் ஒரு சாதாரண கார்டில் தேய்த்திருந்தால் ரூ.4,500 வந்திருக்கும். அதை விட்டுக்கொடுக்கிறீர்களே, அதுவும் செலவுதான். மொத்தம் ரூ.16,300. நாற்பதாயிரத்தால் வகுத்தால் மைலுக்கு 41 பைசா. 41 கொடுத்து 57 வாங்குகிறோம், லாபம்தானே என்று தோன்றும்.

தோன்றத்தான் செய்யும். டிக்கெட்டுக்கு வேண்டியது 30,000. மீதிப் பத்தாயிரத்தை வைத்து இன்னொரு டிக்கெட் எடுக்க முடியாது. வழக்கமான செலவுக்கு ஏறும் சில ஆயிரம் மைல்களைச் சேர்த்தாலும், இரண்டு பேருக்கு வேண்டிய 60,000-ஐ எட்டாது. உண்மையில் நடந்தது இதுதான்: ரூ.16,300 கொடுத்து ரூ.17,000 மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். லாபம் 700 ரூபாய். அதுவும் கேட்ட தேதியில் மைல் சீட் கிடைத்தால். பள்ளி லீவு, டிசம்பர் கடைசி, பொங்கல் வாரம் எல்லாம் சீட் இருக்காது, அல்லது இரண்டு மடங்கு மைல் கேட்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் போட்ட ரூ.24,000 அந்த ஒரு கம்பெனியின் விலை. கார்டு இல்லாவிட்டால் நீங்கள் அதில்தான் போயிருப்பீர்களா? இண்டிகோவில் ரூ.16,000-க்குக் கிடைத்து அதில் ஏறியிருப்பீர்கள் என்றால், மைலால் மிச்சம் பிடித்தது வெறும் ரூ.9,000. (மகளுக்கு அப்பளம், வத்தல், பொடி என்று கட்டும் பெட்டிக்குக் கூடுதல் லக்கேஜ் கட்டணம் வந்தால் அதை 16,000-த்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். அது நியாயம்.) எப்போதும் நீங்கள் நிஜமாக வாங்கியிருக்கக்கூடிய டிக்கெட்டின் விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

90 நாளில் மூன்று லட்சம் என்பதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றைப் பல கார்டுகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இலக்கைத் தொட இருபதாயிரம் குறைகிறதே என்று, நன்றாக ஓடும் வாஷிங் மெஷினை மாற்றியவர்கள் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒரே ஒரு மாதம் ஒரு லட்சம் பாக்கி நின்றால், 3.5% வட்டியும் ஜிஎஸ்டியுமாக ரூ.4,130 போய்விடும், அந்த 700 ரூபாய் லாபம் எங்கே என்று தேட வேண்டியதுதான்.

என் பதில்: வீட்டில் கல்யாணச் செலவோ கல்லூரிக் கட்டணமோ எப்படியும் வரப்போகிறது, முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டிவிடுவீர்கள் என்றால், முதல் வருடத்துக்கு மட்டும் யோசிக்கலாம். மற்றபடி வேண்டாம். வாங்கினால், இரண்டாம் வருடக் கட்டணம் விழுவதற்கு முன்பே மூடச் சொல்லுங்கள். பாக்கி எதுவும் இல்லாத கார்டை, கேட்ட 7 வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். தவறினால் நாளுக்கு ரூ.500 உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. மூடுவதற்கு முன் மைல்கள் விமான கம்பெனிக் கணக்குக்குப் போய்விட்டனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: துபாய் போய் வந்து இரண்டு மாதம் ஆகிறது. டிக்கெட்டில் மெம்பர் நம்பர் கொடுத்திருந்தும் ஒரு மைல்கூட ஏறவில்லை. போன் செய்தால் "பெயர் பொருந்தவில்லை" என்கிறார்கள். என் பெயர்தானே!
– வாசகர், தாம்பரம்

பதில்: உங்கள் பெயர்தான், இனிஷியல்தான் வில்லன். நம்மில் பலருக்கு நேரும் சங்கடம் இது. மெம்பர் கணக்கு தொடங்கும்போது, பேங்க் பாஸ்புக்கில் இருப்பதுபோல ஒற்றை எழுத்து இனிஷியலைப் போட்டிருப்பீர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, சர்நேம் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். டிக்கெட் பாஸ்போர்ட்டின்படி போடப்பட்டது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இரண்டும் இரண்டு ஆள்.

பாஸ்போர்ட் நகலை அனுப்பி முதலில் கணக்கில் உள்ள பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு, விட்டுப்போன மைலைக் கேட்பதற்கென்றே அவர்களுடைய தளத்தில் ஒரு படிவம் இருக்கும். அதில் 13 இலக்க டிக்கெட் எண்ணைப் போட்டு, போர்டிங் பாஸையும் இணையுங்கள். பல கம்பெனிகள் ஆறு மாதம் வரை ஏற்கும். உங்களுக்கு நேரம் இருக்கிறது. இனிமேல் மைல் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

பெயர் சரியான பிறகும் மைல் வராவிட்டால், டிக்கெட்டில் கிளாஸ் என்ற இடத்தில் இருக்கும் ஓர் எழுத்தைப் பாருங்கள். எகானமிக்குள்ளேயே பல விலை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ஆகக் குறைந்த விலை டிக்கெட்டுகளுக்கு, அதுவும் ஒரு கம்பெனியில் பறந்து அதன் கூட்டாளிக் கம்பெனியின் கணக்கில் ஏற்றும்போது, மைலே கிடையாது என்று வைத்திருப்பார்கள். இப்போது பல கம்பெனிகள் பறந்த தூரத்தைப் பார்ப்பதில்லை. ஏர் இந்தியா 2024-லிருந்து டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைப் பார்த்துத்தான் பாயிண்ட் தருகிறது.

கேள்வி: "மைல் வாங்குங்கள், 100% போனஸ், இன்று நள்ளிரவு வரை" என்று மெயில் வந்திருக்கிறது. அடுத்த வருடம் அம்மாவை லண்டன் கூட்டிப் போகிறேன். இரண்டரை லட்ச ரூபாய் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டை இப்படி மைல் வாங்கி பாதி விலையில் எடுக்கலாம் என்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர், அண்ணாநகர்

பதில்: நண்பர் சொல்வது முழுப் பொய்யில்லை. ஆனால் கணக்கை எங்கிருந்து தொடங்குகிறார் என்று பாருங்கள். மைல் வாங்க ரூ.1.3 லட்சம், வரியும் சர்சார்ஜும் ரூ.40,000 என்று வைப்போம். மொத்தம் 1.7 லட்சம். "எண்பதாயிரம் லாபம்" என்பார். மைல் இல்லாவிட்டால் நீங்கள் இரண்டரை லட்சம் கொடுத்து அந்த சீட்டை வாங்குவீர்களா? அறுபதாயிரத்துக்கு எகானமி எடுத்திருப்பீர்கள். அப்படியானால் 80,000 லாபம் எங்கும் இல்லை, கூடுதலாக ரூ.1.1 லட்சம் செலவு செய்கிறீர்கள். அம்மாவுக்கு முட்டி வலி, பத்து மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார முடியாது, அதற்காக ஒரு லட்சம் கொடுக்கத் தயார் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், நல்ல செலவு. லாபம் என்று நினைத்துச் செய்யாதீர்கள்.

செய்வதாக இருந்தால் முதலில் நீங்கள் போகும் தேதியில் மைல் சீட் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் மைல் வாங்க வேண்டும். வாங்கிய மைலைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க முடியாது. விலை பெரும்பாலும் டாலரில் இருக்கும். பல கார்டுகள் அதற்கு 3.5% மார்க்கப்பும் (வெளிநாட்டுப் பணத்தில் வாங்குவதற்கான கூடுதல் கட்டணம்) அதன்மேல் ஜிஎஸ்டியும் போடும். நள்ளிரவோடு முடிகிறதே என்று பதறவும் வேண்டாம், இந்த விற்பனை திரும்பத் திரும்ப வரும்.

கோவிட் வந்து விமானங்கள் தரையில் நின்ற 2020-ல், அமெரிக்காவின் யுனைடெட் விமான கம்பெனி தன் மைலேஜ்பிளஸ் என்ற மைல் திட்டத்தை அடமானம் வைத்து 6.8 பில்லியன் டாலர் கடன் திரட்டியது. பறக்காத நேரத்திலும் அத்தனை கடன் வாங்கிக் கொடுக்கும் சொத்து இந்த மைல் வியாபாரம். நமக்குத் தள்ளுபடியில் விற்கும்போது அவர்கள் நஷ்டப்படுகிறார்கள் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கேள்வி: மகன் நியூஜெர்சியில். எட்டு வருடமாக, எது மலிவோ அதில் போய் வந்ததில் நான்கு கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சமாக மைல் கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக்க முடியுமா? அப்படியே வைத்திருக்கலாமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: பழையதை ஒன்றாக்குவதற்குப் பெரும்பாலும் வழியில்லை. இனி வருவதை ஒன்றாக்கலாம். ஏர் இந்தியா, லுஃப்தான்சா, யுனைடெட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எல்லாம் ஸ்டார் அலையன்ஸ் என்ற ஒரே கூட்டணி. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக லுஃப்தான்சாவில் போனாலும் ஏர் இந்தியா கணக்கில் ஏற்றச் சொல்லலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஸ்ரீலங்கன் ஆகியவை ஒன்வேர்ல்ட். எமிரேட்ஸ் இரண்டிலும் இல்லை. அதற்காக ஒரே கூட்டணியில்தான் போவேன் என்று பத்தாயிரம் அதிகம் கொடுத்து டிக்கெட் எடுக்காதீர்கள். எது மலிவோ அதில் போகும் உங்கள் பழக்கம் நல்ல பழக்கம்.

வைத்திருக்கலாமா என்றால், கூடாது. தங்கம் சேர்ப்பது போன்றதில்லை இது. வட்டி கிடையாது, ஒரு டிக்கெட்டுக்கு இத்தனை மைல் என்பதை கம்பெனி நினைத்தபோது ஏற்றலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் மூன்று வருடத்தில் காலாவதி. யுனைடெட்டில் 2019 முதல் காலாவதி இல்லை. 2012-ல் கிங்ஃபிஷர் விமான கம்பெனி நின்றபோது, அதன் கிங் கிளப் மைலை வைத்து ஏற விமானமே இல்லாமல் போனது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பாயிண்டுகளும் அங்கே மாறின. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. முதலில் காலாவதியாகப் போவது எதுவோ, அதைச் செலவழியுங்கள். நீங்களே பறக்க வேண்டும் என்பதில்லை. கிரிஸ்ஃபிளையரில் ஐந்து பேரை நாமினியாகப் பதிந்து, உங்கள் மைலில் அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம்.

கேள்வி: போனில் சொன்ன போனஸ் மைல் வரவில்லை. வங்கி இழுத்தடிக்கிறது.
– வாசகி, பெரம்பூர்

பதில்: போனில் சொன்னதை வைத்துச் சண்டை போட முடியாது. கார்டோடு வந்த நிபந்தனைத் தாளிலோ மெயிலிலோ அந்தச் சலுகை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிப்பவர்) ஆன்லைனில் கட்டணமில்லாமல் போகலாம். விவரம் கேட்க 14448. தவறு விமான கம்பெனியின் பக்கம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: 16,000 பாயிண்டுக்கு மிக்ஸி தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அந்த மிக்ஸி கடையில் ரூ.4,000 என்றால் பாயிண்டுக்கு 25 பைசா. டிக்கெட்டுக்குக் கொடுத்தால் பெரும்பாலும் இதைவிடக் கூடும். அடுத்த மாதம் காலாவதி, பயணமும் இல்லை என்றால் மிக்ஸியை வாங்கிவிடுங்கள்.