கீசருக்கு வைஃபை சுவிட்ச்: பச்சை வயர் நியூட்ரல் ஆகாது

கேள்வி: மதுரை திருநகரில் சொந்த வீடு. மாடிக் குளியலறையில் 15 லிட்டர், 2000 வாட் கீசர். போனிலிருந்து போட்டு அணைக்க 10 ஆம்பியர் வைஃபை மாட்யூல் ஒன்றை வாங்கி, சுவிட்ச் பெட்டிக்குள் நானே பொருத்தினேன். பெட்டியில் இரண்டு சிவப்பு, ஒரு பச்சை வயர்தான் இருந்தன, நியூட்ரலுக்கான (கரண்ட் திரும்பும் வயர்) கறுப்பு இல்லை. மாட்யூலின் நியூட்ரல் முனையில் பச்சையைக் கொடுத்தேன். வேலை செய்கிறது. ஆனால் தண்ணீர் நன்றாகச் சூடேறியதும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறது. நேற்று ஆப்பில் ‘ஆஃப்’ என்று காட்டியும் தண்ணீர் கொதித்துக்கிடந்தது. தவறு எங்கே?

பதில்: முதலில் மெயினை இறக்கிவிட்டு அந்தப் பச்சை வயரை மாட்யூலிலிருந்து கழற்றுங்கள். அதுவரை அந்தக் குளியலறையின் குழாயையோ ஷவரையோ வீட்டில் யாரும் தொட வேண்டாம். பச்சை என்பது எர்த். மாட்யூல் இழுக்கும் கரண்ட் இப்போது அதன் வழியாகத்தான் திரும்புகிறது. எர்த் குழி காய்ந்தோ, நடுவில் ஒரு இணைப்பு தளர்ந்தோ போனால், அந்த மின்சாரம் போக வழியில்லாமல் கீசர் டாங்க், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என எர்த் சேர்ந்த எல்லாவற்றின் உடம்பிலும் வந்து நிற்கும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் நம் வீடுகளில் குறைந்துவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆர்சிசிபி ஏன் உடனே விழாமல் சூடேறிய பிறகு விழுகிறது? 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, 15க்கும் 30க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் ட்ரிப் ஆகலாம். மாட்யூல் சும்மா இருக்கும்போது எர்த்தில் விடுவது சில மில்லி ஆம்பியர்தான். உள்ளே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) இழுத்ததும் அது கூடும். அதோடு, போர் தண்ணீரின் உப்பு படிந்து வெடிப்பு விட்ட எலிமெண்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி), சூட்டில் இன்னும் கொஞ்சம் கசியும். எல்லாம் சேர்ந்து எல்லையைத் தாண்டுகின்றன. ஆகவே வயரிங்கைத் திருத்திய பிறகும் ட்ரிப் ஆனால், கீசரை ஒருமுறை சூடாக்கி, பிளக்கை உருவி, எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்களுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எலிமெண்டை மாற்றுங்கள்.

தண்ணீர் கொதித்தது வேறு கதை. 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர், விடாமல் 20 நிமிடம் ஓடும். மலிவான 10 ஆம்பியர் ரிலேவின் முனைகள் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆப் ‘ஆஃப்’ என்று சொன்னாலும் உள்ளே இணைப்பு விடாது. அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றுவது கீசருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் துண்டிக்கும் கட்-அவுட்டும் மட்டுமே. அவற்றை எந்தக் காரணத்துக்காகவும் பைபாஸ் செய்யாதீர்கள். அந்த மாட்யூலை வேறு எந்த விளக்குக்கும் பயன்படுத்தாமல் தூக்கிப் போடுங்கள்.

இனி சரியான வழி. சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் தேடுவதை விட்டுவிடுங்கள். நம் ஊர் வீடுகளில் அங்கே ஃபேஸும் ரிட்டர்னும்தான் (சுவிட்சிலிருந்து கீசருக்குப் போகும் வயர்) வரும். பக்கத்து லைட் பெட்டியிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்கவும் கூடாது. அது இன்வெர்ட்டர் லைனாகவோ, வேறு ஆர்சிசிபியின் கீழ் உள்ளதாகவோ இருந்தால் மறுபடியும் ட்ரிப்தான். நியூட்ரல் தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்ச் என்று விற்பவை விளக்குகளுக்கானவை, கீசருக்கு ஆகாது.

வேலையை டிபி பெட்டிக்கு (ஆர்சிசிபி இருக்கும் மின்பகிர்வுப் பெட்டி) கொண்டுபோங்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அங்கேயே இருக்கின்றன. சுவரில் புதிதாக வயர் இழுக்க வேண்டியதில்லை. தேவையானவை: 25 ஆம்பியர், இரண்டு போல், 230 வோல்ட் காயில் உள்ள மாடுலர் கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே போன்ற சுவிட்ச்) ஒன்று, 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் விழும் சுவிட்ச்) ஒன்று, புதிய வைஃபை மாட்யூல், இவற்றை வைக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி. இரும்பு டிபிக்குள் மாட்யூலை வைத்தால் வைஃபை சிக்னல் எட்டாது. பெரும்பாலான மாட்யூல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும் என்பதையும் கவனியுங்கள்.

கீசரின் 16 ஆம்பியர் எம்சிபியிலிருந்து வரும் ஃபேஸ், கான்டாக்டரின் 1-இல் நுழைந்து 2 வழியாக மாடிக்குப் போகட்டும். நியூட்ரல் 3-இல் நுழைந்து 4 வழியாக. இதற்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், அதற்குக் குறைந்தது வேண்டாம். 6 ஆம்பியர் எம்சிபி மாட்யூலுக்கு மட்டும். மாட்யூலின் வெளியீடு காயிலின் ஏ1-க்கு, நியூட்ரல் ஏ2-க்கு. மாட்யூலின் நியூட்ரலும் கீசரின் நியூட்ரலும் ஒரே ஆர்சிசிபியின் நியூட்ரல் பாரிலிருந்தே வர வேண்டும். இப்போது மாட்யூல் சுமப்பது காயிலின் சிறு கரண்டை மட்டுமே. கான்டாக்டர் ‘டக்’ என்று விடும்போதெல்லாம் மாட்யூல் ரீபூட் ஆனால், ஏ1, ஏ2-க்குக் குறுக்கே ஒரு ஆர்சி ஸ்னப்பர் (காயில் விடும்போது எழும் மின்துடிப்பை அடக்கும் சிறு பாகம்) போடுங்கள்: 0.1 மைக்ரோ ஃபாரட், 100 ஓம். மாடியில் இருக்கும் பழைய சுவிட்சில் முன்போலவே இரண்டு சிவப்பு வயர்களையும் சேர்த்து, அதை அப்படியே விட்டுவையுங்கள். கையால் அணைக்க அது வேண்டும்.

டிபிக்குள் கை வைக்கும் இந்தப் பகுதியை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். ஆர்சிசிபியை இறக்கினாலும் அதன் மேல்முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். பின்னாளில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைத் திறக்கும்போது இரண்டு எம்சிபிகளையும் இறக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது. இதை மூடியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். வேலை முடிந்ததும் மல்டிமீட்டரில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த் இரண்டும் 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பாருங்கள்.

ஆப்பில் இரண்டு அமைப்புகள். மார்கழிக் குளிரில் 22 டிகிரி தண்ணீர் 60 டிகிரி ஆக இந்தக் கீசருக்கு ஏறக்குறைய 20 நிமிடம் போதும்; டைமரை 25 நிமிடத்தில் தானாக அணையும்படி வையுங்கள். மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் மாட்யூல் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற இடத்தில் ‘ஆஃப்’ என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் கரண்ட் போய் வந்தவுடன் கீசர் ஓடத் தொடங்கலாம்.