பேக்கிங் பவுடருக்குப் பதிலாக ஆப்ப சோடா ஒரு டீஸ்பூன் போட்டுவிட்டேன், கேக் மாவைக் காப்பாற்ற முடியுமா?

இன்னும் அடுப்பில் ஏற்றவில்லை என்றால் பாதி மாவைக் காப்பாற்றலாம். முழுவதையும் முடியாது. "எலுமிச்சம்பழம் பிழிந்தால் சரியாகிவிடும்" என்று இங்கே சிலர் பதில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி ஒரு மூடி பிழிந்து, அவனில் வைத்து, கரண்டையும் வெண்ணெயையும் வீணாக்காதீர்கள்.

நீங்கள் அளவு எதுவும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் போடும் சாதாரண வெனிலா கேக், மைதா ஒன்றரை கப் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் சரி. அந்த ஒரு டீஸ்பூன் பவுடரின் வேலையைச் செய்ய, புளிப்பும் கூட இருந்தால், சோடா கால் டீஸ்பூன் போதும். பவுடரில் சோடா மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, மிச்சமெல்லாம் அமிலப் பொடியும் சோள மாவும்தான். ஆக, நீங்கள் போட்டிருப்பது நாலு மடங்கு. சோடாவோடு வேலை செய்ய வேண்டிய அமிலத்தை மட்டும் போடவே இல்லை.

அமிலம் கிடைக்காத சோடா சூட்டில் தானாகப் பிரியும். கொஞ்சம் வாயு வரும், மிச்சம் சோடியம் கார்பனேட்டாகக் கேக்கிலேயே தங்கிவிடும். துணிக்குப் போடும் வாஷிங் சோடாவும் இதுதான். 5 கிராம் ஆப்ப சோடா முழுக்க அப்படிப் பிரிந்தால் சுமார் 3 கிராம் கிடைக்கும். நாக்கில் படும் சோப்பு ருசி அதனுடையது. மேல்பக்கம் சீக்கிரம் கருப்பதும், உள்ளே மைதா மஞ்சளடிப்பதும் அதே காரத்தன்மையால்.

எலுமிச்சை வைத்தியம் ஏன் பலிக்காது? உங்கள் கணக்கில் முக்கால் டீஸ்பூன் சோடா அதிகம். அதைச் சமன்செய்ய, கடையில் கிடைக்கும் 4 சதவீத வினிகர் நாலு டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டும். எலுமிச்சை என்றால் ரெண்டு பழச் சாறு. அவ்வளவு ஊற்றினால் மாவு நீர்த்துப்போகும். சோடா அடங்கினாலும் அதிலிருந்து வரும் உப்பு போகாது, வினிகர் சிப்ஸ் மாதிரி ஒரு ருசி நிற்கும். போதாததற்கு அந்த முக்கால் டீஸ்பூன் மட்டுமே ஒரு லிட்டர் வாயு கிளப்பும். உங்கள் டின்னில் இருக்கும் மாவே அந்த அளவு வராது. பொங்கி எழும், வலு இல்லாத சுவர்கள் உடையும், நடுவில் குழி விழும்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் சோடா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மைதா மேல் கொட்டி இன்னும் கலக்காமல் இருந்தால், சுற்றியிருக்கும் மாவோடு சேர்த்து ஸ்பூனால் அள்ளி எறிந்துவிடலாம், விஷயம் முடிந்தது. உலர்ந்த மாவில் கலந்துவிட்டாலும் அவசரமில்லை, ஈரம் படாத சோடா ஒன்றும் செய்யாது. சலித்து, கால் பங்கை எடுத்துக்கொண்டு புது மைதாவால் அளவை நிரப்பி, பாலுக்குப் பதில் தயிர் ஊற்றிச் செய்யுங்கள். மீதியை டப்பாவில் போட்டு, மேலே "சோடா அதிகம்" என்று எழுதி வைத்தால் அடுத்த மூன்று கேக்குக்கு ஆகும்.

ஈர மாவாகிவிட்டதா? சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியைக் கொட்டிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் கொட்டுங்கள். வைத்திருக்கும் பாதியில் முக்கால் கப் மைதாவும் அரை டீஸ்பூன் சோடாவும் இருக்கும். அரை டீஸ்பூன் சோடா ரெண்டு கப் மைதாவைத் தூக்கும், அதை அடக்க ஒரு கப் தயிர் வேண்டும். ஆகவே ஒன்றேகால் கப் மைதா, ஒரு கப் புளித்த தயிர், அதே விகிதத்தில் சர்க்கரையும் எண்ணெயும் சேருங்கள். முட்டை போடுபவர்கள் இன்னொன்று சேர்க்கலாம். இனி சோடாவும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். கரண்டியிலிருந்து ரிப்பன் மாதிரி மடிந்து விழும் பதத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும் பால். 8 இஞ்ச் டின்னில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், மிச்சத்தைக் கப் கேக்காக ஊற்றுங்கள். 170 டிகிரி, அவனை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்க வேண்டும்.

தயிர் விஷயத்தில் ஒன்று. பாக்கெட்டைப் பிரித்த உடனே ஊற்றும் தயிரில் புளிப்பு போதாது. சென்னை வெயிலில் நாலைந்து மணி நேரம் வெளியே வைத்தால் தானே புளிக்கும். அதற்கு நேரமில்லையென்றால் வினிகர் ஒரு டீஸ்பூன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க பச்சை மாவை நக்காதீர்கள். ஒரு ஸ்பூன் மாவில் சிட்டிகை மஞ்சள்தூள் கலந்து, தோசைக்கல்லில் சின்ன வட்டமாக ஊற்றி, மூடி, மெல்லிய தீயில் வேக விடுங்கள். மஞ்சளாகவே வெந்தால் பிரச்சினை இல்லை. ஆரத்திக்குச் சுண்ணாம்பு கலக்கும்போது சிவக்குமே, அந்தப் பக்கம் நிறம் திரும்பி செங்கல் நிறம் காட்டினால் காரத்தன்மை இன்னும் மிச்சம். ஓரத்தில் மட்டும் லேசாக ஆரஞ்சு தெரிந்தால் விட்டுவிடலாம். சாக்லேட் மாவில் நிறம் தெரியாது. அதில் வெந்த துண்டைத் தின்றுதான் பார்க்க வேண்டும்.

கால் டீஸ்பூன் மட்டுமே அதிகமாகப் போனவர்களுக்கு அமிலமே போதும். வினிகர் நாலு டீஸ்பூன், இல்லையென்றால் சிட்ரிக் ஆசிட் கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக எடுத்து ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். பனீர் செய்ய வாங்குகிறோமே, அதே சிட்ரிக் ஆசிட்தான். கலந்ததும் நுரைக்கும். இரண்டு நிமிடம் விட்டு, குமிழி அடங்கியதும் டின்னைத் தட்டி அடுப்பில் ஏற்றுங்கள். கேக் கொஞ்சம் அடர்த்தியாக வரலாம், ருசி கெடாது.

வெந்துபோன கேக்குக்கு வழி குறைவு. கால் டீஸ்பூன் வரை அதிகமென்றால், தண்ணீரும் சர்க்கரையும் தலா 100 கிராம் கொதிக்க வைத்து, ஆறியதும் ரெண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெதுவெதுப்பான கேக்கில் குச்சியால் குத்தி ஊற்றலாம். அரை கிலோ கேக்குக்கு இந்த அளவு. அதற்கும் மேல் போனதைக் க்ரீம் பூசியோ ரஸ்க் போட்டோ மறைக்க முடியாது, காய்ந்தால் சோப்பு ருசி இன்னும் தூக்கும்.

ஆனால் தூக்கி எறியும் முன் சோடாதான் காரணமா என்று பாருங்கள். குழி விழுந்து, ருசி நன்றாக இருந்தால் அது வேகாத கேக், குக்கர் மூடியை அரை மணிக்குள் திறந்திருப்பீர்கள். அங்கங்கே பழுப்புப் புள்ளி, அந்த இடம் மட்டும் கசப்பு என்றால் சோடா அதிகமில்லை, கட்டி. நம் ஊர் ஈரக்காற்றில் பிரித்த பாக்கெட் கட்டி தட்டும், மைதாவோடு சலித்துத்தான் போட வேண்டும். சாக்லேட் கேக்கில் சோடாவைச் சரியாகப் போட்டும் சோப்பு அடித்தால் கோகோ டப்பாவைத் திருப்புங்கள். அசிடிட்டி ரெகுலேட்டர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது காரம் ஏற்றிய கோகோ, புளிப்பு இருக்காது. சோடாவுக்கான ரெசிபியில் அதைப் போட்டால் சோடா அப்படியே மிஞ்சும்.

இதற்கெல்லாம் பாதிக் காரணம் வீடியோக்காரர்கள். கையில் கிடைத்த ஸ்பூனை எடுத்து "அரை ஸ்பூன்" என்று குவித்துப் போடுவார்கள். டீஸ்பூன் என்றால் 5 மில்லி, கத்தியால் தட்டி மட்டம் செய்தது. குவித்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. கேட்டால் "கண்ணளவுதாங்க" என்று பதில். உப்புமாவுக்குக் கண்ணளவு சரி, சோடாவுக்கு ஆகாது. இதே கூட்டம்தான் இட்லி மாவுக்கும் சோடா போடச் சொல்கிறது. உளுந்தைச் சரியாக அரைத்துப் புளிக்க வைத்த மாவுக்கு அது எதற்கு?

"ஒரு டீஸ்பூன் சோடா என்ன செய்துவிடும், எங்கள் பாட்டி போடாததா" என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஒரு டீஸ்பூனில் சோடியம் சுமார் 1,260 மில்லிகிராம். புளிப்பு ஊற்றினால் காரத்தன்மைதான் போகும், சோடியம் அங்கேயேதான் இருக்கும். பாதி மாவைக் கொட்டச் சொல்வதற்கு இதுவும் காரணம். வீட்டில் பிரஷர் இருப்பவர்களுக்குத் தேறிய கேக்கிலும் சின்னத் துண்டாகவே கொடுங்கள்.