கைவிடப்பட்ட காகித ஆலைக்குள் போகலாமா?

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட காகித ஆலை ஒன்றை, உரிமையாளரின் அனுமதியுடன் நண்பர்கள் சிலர் சுற்றிப் பார்த்துப் படமெடுக்க இருக்கிறோம். இயந்திரங்கள் ஓடாத இடத்தில் பெரிய ஆபத்து இருக்காது என்று நினைக்கிறோம். சரிதானா? உள்ளே எதைத் தவறாமல் பார்க்க வேண்டும்?

பதில்: அனுமதி பெற்றது நல்லது. ஆனால் ஆபத்து இருக்காது என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள். ஓடும் ஆலையில் காற்றைச் சோதிக்கவும் குழிகளை மூடி வைக்கவும் ஆட்கள் இருப்பார்கள்; மூடிய ஆலையில் அவர்கள் இல்லை.

நான் மிகவும் அஞ்சுவது கூழ்த் தொட்டிகளுக்குத்தான். தண்ணீரோடு விடப்பட்ட மரக்கூழை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைகிறது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு உருவாகிறது. அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும். சேற்றைக் காலால் கலக்கினால் ஒரேயடியாகக் கிளம்பும். சிறிதளவு இருந்தாலும் அழுகிய முட்டை நாற்றம் வீசும்தான், ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுகிறவர்தான் உயிரை இழக்கிறார். நண்பர் உள்ளே மயங்கி விழுந்தாலும் பின்னால் இறங்காதீர்கள். வெளியே வந்து தீயணைப்புத் துறையை அழையுங்கள். இத்தகைய அடைபட்ட இடங்களில் மீட்கப் போனவர்களே அடுத்தடுத்து இறந்த விபத்துகள் பல. ஆகவே தொட்டி, குழி, தரையடி அறை எதற்குள்ளும் இறங்குவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தரையையும் நம்பாதீர்கள். அறுந்த தாள் கீழே விழுவதற்காக இயந்திரத்தின் அடியில் திறப்புகள் விட்டிருப்பார்கள். அவற்றின் மேல் துருப்பிடித்த தகடோ காகிதக் குவியலோ கிடக்கலாம். பழைய நீராவிக் குழாய்களைச் சுற்றியுள்ள வெண்ணிற உறை, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால் அதைத் தொடவோ தட்டவோ கூடாது. துணி முகக்கவசம் அதன் இழைகளைத் தடுக்காது. மின்மாற்றிகளின் எண்ணெய்க் கறையிலிருந்தும் விலகி நில்லுங்கள்.

பார்க்க வேண்டியது காகித இயந்திரம். 1799-இல் பிரான்சில் லூயி நிக்கோலா ராபேர் காப்புரிமை பெற்ற, ஓடும் கம்பி வலையின் மேல் தாளை உருவாக்கும் முறைதான் இதற்கெல்லாம் மூலம். கூழ் விழும் முனையிலிருந்து தாள் சுற்றப்படும் முனை வரை நடந்து பாருங்கள். 99 சதவீதத்துக்கும் மேல் தண்ணீராக இருக்கும் கூழ், வலையில் வடிந்து, உருளைகளுக்கிடையே பிழியப்பட்ட பிறகும் பாதிக்கும் மேல் தண்ணீராகவே இருக்கும். எஞ்சியதை வெப்பத்தால்தான் போக்க முடியும் என்பதால்தான், ஆளுயரத்துக்கு நிற்கும் உலர்த்தும் உருளைகள் வரிசை வரிசையாக அத்தனை நீளத்துக்குப் போகின்றன.

எழுதும் தாள் செய்த ஆலையாக இருந்தால், வலையின் மேல் உருளும் கம்பிப் பின்னல் உருளை ஒன்று கிடக்கிறதா என்று தேடுங்கள். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் அதன் மேல் புடைத்து நிற்கும் கம்பி உருவம் தெரியும். அது அழுந்திய இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி உண்டாகும். அந்த உருவத்தை நெருக்கமாகப் படமெடுங்கள், ஆனால் பெயர்த்து எடுத்து வராதீர்கள்.

ஆக்சிஜனையும் நச்சுவாயுவையும் அளக்கும் கருவி ஒன்றை எப்போதும் உடன் வைத்திருங்கள். இயல்பாக 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே இறங்கினால், படம் பாதியில் நின்றாலும் உடனே அனைவரும் வெளியேறிவிட வேண்டும்.