மந்திரத் தியானத்தால் மனம் பேதலிக்குமா?

ஆழ்நிலைத் தியானம் செய்ய, மனத்துக்குள் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு அமர்ந்திருந்தபோது கைகால்கள் இருக்கும் உணர்வே சற்று நேரம் மறைந்துபோனது உங்களை வெகுவாகக் கலங்க வைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வரும் சந்தேகங்களையெல்லாம் கடிதத்தில் அடுக்கியிருந்தாலும், மனநிலை பிறழ்ந்துவிடுமோ என்பதே உங்கள் உண்மையான அச்சம். நீங்கள் சொல்லும் அனுபவம் நோயின் அறிகுறி அன்று. உடல் அசையாதிருக்கும்போது தோலிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மூளைக்குப் புதிய செய்தி அதிகம் செல்வதில்லை. மாறாத செய்தியை மூளை அவ்வளவாகக் கவனிப்பதும் இல்லை. விரலை அசைத்ததும் உணர்வு திரும்பிவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எண்ணங்கள் ஓயாமல் வருவது, மந்திரம் நழுவிப்போவது, தூங்கி விழுவது, உறக்கம் தொடும் நேரத்தில் உடல் திடுக்கெனத் துள்ளுவது ஆகிய எதற்கும் மருத்துவம் தேவையில்லை. மந்திரம் தவறினால் நரம்பு கெடும் என்று மிரட்டும் காணொளிகளைப் பார்ப்பதை நிறுத்துங்கள். மந்திரத்தை விட்டுவிட்டது நினைவுக்கு வந்தால் மெதுவாக அதற்குத் திரும்பினால் போதும். நெற்றி இறுக்கம் பெரும்பாலும் நாமே வரவழைத்துக்கொள்வது: மூடிய இமைகளுக்குள் விழிகளைப் புருவ மத்தியை நோக்கி இழுத்துப் பிடித்து, பற்களையும் கடித்துக்கொண்டிருப்போம். முயற்சியே கூடாத முறையில் இவ்வளவு முயற்சி எதற்கு?

நீங்கள் எழுதாத ஒன்றைத்தான் நான் கேட்க வேண்டும். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்புத் தெரியாமல், பேச்சும் திட்டங்களும் பெருகி, தனக்கு ஏதோ சக்தி கைகூடிவிட்டது என்ற நினைப்போடு ஒருவர் சில நாட்கள் இருந்தால், அதைத் தியானத்தின் பலன் என்று வீட்டார் மகிழ்ந்துவிடக் கூடாது. உற்சாகம் கட்டுமீறிப் போகும் மிகை மனவெழுச்சி (மேனியா) நோயின் தொடக்கமாக அது இருக்கலாம். முன்பே மனநோய் வந்தவர்களும், நெருங்கிய உறவினருக்கு இருமுனைக் கோளாறு (மிகை எழுச்சியும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) இருப்பவர்களும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். மிகை மனவெழுச்சியில் இருப்பவர் தாம் மிகவும் நலமாக இருப்பதாகவே உணர்வதால் மருத்துவரிடம் தாமாக வரமாட்டார். ஆகவே இந்த அறிகுறியை வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அது தென்பட்டால் தியானத்தை நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலன் விரைவில் கிடைக்கட்டும் என்று ஒரு வேளைக்கு 20 நிமிடம் செய்யும் தியானத்தை இரண்டு மணி நேரமாக நீட்டுவதும், அதற்காகத் தூக்கத்தைக் குறைப்பதும் வேண்டவே வேண்டாம்.

கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில், ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? ஆழ்நிலைத் தியானத்தை ரத்த அழுத்தத்துக்குப் பரிசீலிக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல் கூறியது உண்மைதான். ஆனால் சிகிச்சைக்குத் துணையாகவே கூறியது, மாத்திரைக்குப் பதிலாக அன்று. இன்றே உங்கள் மருத்துவரை அழைத்து நடந்ததைச் சொல்லி, அவர் சொல்லும் அளவுக்குத் திரும்புங்கள். இந்த வாரமே அழுத்தத்தை அளந்து அவரிடம் காட்டுங்கள்.