பழைய எம்.ஜி.பி. காருக்கு ரேஸ் கேம்ஷாஃப்ட் போடலாமா?

1967-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினைப் பிரித்திருக்கும் இந்த நேரத்திலேயே ரேஸ் கேம்ஷாஃப்டையும் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு; சுருக்கமாகக் கேம்) போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் இன்ஜின் வேலைப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேமை மாற்றுங்கள், ரேஸ் கேம் மட்டும் வேண்டாம்.

அந்த 1,798 சிசி இன்ஜினின் அசல் கேமில், பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்கு 16 டிகிரி முன்பே திறக்கும் இன்லெட் வால்வு (பெட்ரோல்-காற்றுக் கலவை உள்ளே வரும் வழி), கீழ்முனையைக் கடந்து 56 டிகிரி வரை திறந்திருக்கும். இடையிலுள்ள 180 டிகிரியையும் சேர்த்து மொத்தம் 252 டிகிரி. ரேஸ் கேமில் இது 300 டிகிரியை ஒட்டி வரும். இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரமும் அதற்கேற்பக் கூடும். இன்ஜின் வேகமாகச் சுழலும்போது அது நன்மை. மெதுவாகச் சுழலும்போதோ, எரிந்த புகை இன்லெட் பக்கம் திரும்பிக் கலவையைக் கெடுப்பதோடு, உள்ளே வந்த கலவையும் தாமதமாக மூடும் வால்வு வழியே கார்ப்புரேட்டர் பக்கம் தள்ளப்படுவதால், ஐடிலிங் சீராக இருக்காது, பிக்கப்பும் போய்விடும். சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் ஓட்டியவர்களுக்கு இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்க இடம் இருந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்கிறவருக்கு அந்த வாய்ப்பு ஏது? 270 டிகிரிக்குள் உள்ள சாலைக் கேமே உங்களுக்குப் போதும்.

கேமைவிட நான் அதிகம் கவலைப்படுவது, கேமின் அசைவை வால்வு பக்கம் கடத்தும் டேப்பெட்டைப் பற்றித்தான். தொழிலுக்கு வந்த புதிதில், பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கின்றன என்று பழைய டேப்பெட்டுகளையே புதுக் கேமுடன் போட்டு, சில நூறு கிலோமீட்டருக்குள் கேமின் இரண்டு லோப் (வால்வைத் திறக்க உந்தும் மேடு) தேய்ந்து மொட்டையானதை என் கையாலேயே கழற்றி எடுத்தேன். அந்த வண்டிக்காரரின் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. புது டேப்பெட்டின் அடி கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும். இரண்டை அடியோடு அடி ஒட்டிப் பிடித்தால் லேசாக ஆடும். தேய்ந்தவை ஆடாமல் படிந்து நிற்கும். அந்தக் குவிவும் லோபின் மெல்லிய சரிவும் சேர்ந்துதான் டேப்பெட்டைச் சுழல வைக்கின்றன; சுழலாத டேப்பெட் கேமை அரைத்துவிடும். ஆகவே எட்டையும் புதிதாகவே வாங்குங்கள். வால்வு ஸ்பிரிங்குகளும் அந்தக் கேமுக்கு உரியவையாக இருக்கட்டும்.

டைமிங் செயின் சக்கரங்களில் உள்ள புள்ளிகளை மட்டும் நம்பாமல், டிகிரி தகடும் (சுழற்சிக் கோணத்தைக் காட்டுவது) டயல் கேஜும் (நுண்ணிய அசைவை அளப்பது) வைத்துக் கேமின் நிலையைச் சரிபார்க்க வேண்டும். அரை நாள் வேலைதான்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும் அந்த 20 நிமிடங்கள்தாம் கேமின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. லோப்களில் அதற்கான பசையைத் தடவி, துத்தநாகச் சேர்மம் நிறைந்த 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி, தண்ணீர், பெட்ரோல், இக்னிஷன் எல்லாம் தயாரான பிறகே சாவியைத் திருப்புங்கள். பற்றியதும் ஐடிலிங்கில் விடாமல், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கும் 2,500 சுற்றுக்கும் இடையில் ஏற்றி இறக்கி ஓடவிடுங்கள். மெதுவாக ஓடினால் லோப்மீது தெறிக்கும் ஆயில் போதாது. பிறகு அந்த ஆயிலை வடித்து, வெள்ளைத் துணியில் சிறிது ஊற்றி வெயிலில் பாருங்கள். இரும்புத் துகள் மின்னினால், பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேப்பெட்டுகளைப் பார்த்த பிறகே வண்டியைத் தெருவில் இறக்குங்கள்.