நுரையா, நனைவா? கேள்வி பதில்

துணிச் சாயத் தொழிலுக்கு ரசாயனம் காய்ச்சியே பாதி வாழ்க்கை போனது. இப்போது கோத்தகிரியில் ஓய்வு. தண்ணீர் உருண்டு ஓடாமல் இலையிலும் துணியிலும் படிந்து பரவச் செய்யும் நனைப்பான்கள் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, முட்டைக்கோஸுக்கு மருந்து அடித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. துணி துவைக்கும் தூள் கலக்கலாமா? (கேத்தி)

வேண்டாம். அதில் உள்ள காரம் சில மருந்துகளைக் கெடுத்துவிடும். இலைமேல் மெழுகு இருக்கிறது. துளியை உருண்டையாகப் பிடித்து வைப்பது தண்ணீரின் பரப்பு இழுவிசை; அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். அது 30-க்குப் பக்கத்தில் இறங்கினால் துளி படியும். கடையில் அயனியற்ற, அதாவது மின் சுமை இல்லாத நனைப்பான் கேளுங்கள். லேபிளில் உள்ள அளவுதான். கூடுதலாக ஊற்றினால் மருந்து வழிந்து மண்ணுக்குப் போகும்.

தேயிலைக் கொப்புள நோய்க்கு காப்பர் ஆக்சிகுளோரைடு அடிக்கிறோம். சோப்புக் கரைசல் சேர்த்தால் திரிகிறதே? (குன்னூர்)

சோப்பு எதிர்மின் சுமை கொண்டது, தாமிரம் நேர்மின் சுமை. சேர்ந்தால் கசடுதான். அயனியற்றதற்கு இந்த வம்பே இல்லை.

ஐயா, எம்.எஸ்சி. புராஜெக்டுக்குத் தேங்காய் எண்ணெய்க் கொழுப்பு அமிலத்திலிருந்து அமைடு செய்தேன். நுரை பிரமாதம், ஆனால் நனைக்கவில்லை. (ஊட்டி)

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அமைடு என்பது அமிலமும் அமைனும் சேர்ந்து உண்டாகும் பொருள். அமிலத்தையும் டைஎத்தனாலமைன் என்ற அமைனையும் 150, 160 டிகிரியில் வைத்துத் தண்ணீரை வெளியேற்றியிருப்பீர்கள், சரிதானே? மோலுக்கு மோல், அதாவது இரண்டிலும் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் போட்டால் தண்ணீரில் சரியாகக் கரையாது. அமைனை இரண்டு மடங்கு போடும் பழைய முறையில் நன்றாகக் கரையும். ஆனால் எப்படிச் செய்தாலும் இந்த அமைடு நுரையைப் பிடித்து நிறுத்தும் சரக்கு, நனைக்கும் சரக்கு அல்ல. நனைப்பது வேகத்தின் வேலை: புதிதாக உண்டாகும் பரப்புக்கு மூலக்கூறு ஓடிப்போய்ச் சேர வேண்டும். ஸ்டியரிக் அமிலம் மாதிரி நீண்ட கார்பன் சங்கிலி அதில் சோம்பேறி. சங்கிலியைக் குறைத்து, அமைடின்மேல் எத்திலீன் ஆக்சைடு அலகுகளை அளவாக ஏற்றினால் நனைவு கூடும்.

அப்படியானால் எத்திலீன் ஆக்சைடை நானே ஏற்றலாமா?

கூடவே கூடாது, அம்மா. 10.7 டிகிரியில் கொதிக்கும். மார்கழிக் காலையில் ஊட்டியில் திரவமாகச் சாதுவாகத் தெரியும். தீப்பற்றும், வெடிக்கும், புற்றுநோயும் தரும். அழுத்தக் கலன் உள்ள ஆலையிலிருந்து மாதிரி வாங்குங்கள்.

நனைவை எப்படி அளப்பது?

டிரேவ்ஸ் சோதனை: 5 கிராம் பருத்தி நூல் கண்டை 3 கிராம் கொக்கியில் மாட்டி, கீழே ஒரு எடையைக் கட்டிக் கரைசலில் விட வேண்டும். கண்டு மூழ்கும் நொடிகளை எண்ணுங்கள். நூல் கிடைக்காவிட்டால் வெளுக்காத கோராத் துணியை வட்டமாக வெட்டிப் போட்டும் ஒப்பிடலாம். வெளுத்த துணி சும்மாவே நனைந்துவிடும். கரைசலை 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே போடுங்கள். ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் அப்படியே செய்துவிட்டு, சமவெளியில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் உங்கள் சரக்கின்மேல் வீண் பழி விழும்.