செவிலியர் பட்டத்துக்குப் பின் நோய்த்தணிப்புத் துறை: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

செவிலியர் பட்டம் முடித்த உங்கள் மகள், பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை படித்து, கடும் நோயாளிகளுக்கான பராமரிப்பைச் சீரமைக்கும் பணிக்குச் செல்ல விரும்புகிறார் என்றும், நாள்தோறும் சாவைப் பார்க்கும் வேலை அவருக்கு எதற்கு என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டவர்களுக்கு மட்டும் உரியதன்று. இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய் ஆகியவற்றோடு ஆண்டுக்கணக்கில் போராடுபவர்களுக்கும், வழக்கமான சிகிச்சையுடன் சேர்த்தே அது தரப்பட வேண்டும். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு நோய் கண்டறியப்பட்ட சில வாரங்களிலேயே இந்தப் பராமரிப்பைத் தொடங்கியபோது, அவர்களிடம் மனச்சோர்வு குறைந்ததையும், அவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் கூடுதலாக வாழ்ந்ததையும் 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 5.68 கோடிப் பேருக்கு இது தேவைப்படுகிறது. கிடைப்பதோ ஏறக்குறைய 14 சதவீதத்தினருக்கு மட்டுமே. மருந்து இல்லாததால் வந்த இடைவெளி அன்று இது. கடும் வலியைத் தணிக்கும் வாய்வழி மார்ஃபின் பழைய மருந்து, விலையும் குறைவு. ஆயினும் போதைப்பொருள் விதிகளைப் பற்றிய அச்சமும், அதைக் கொடுக்கப் பயிற்சி பெறாத மருத்துவர்களும், தேவையைக் கணக்கிடாத கொள்முதலும் சேர்ந்து அதை நோயாளியிடமிருந்து விலக்கி வைக்கின்றன. ஆரம்பச் சுகாதாரத்திலும் வீட்டுப் பராமரிப்பிலும் இதை இணைக்க வேண்டும் என்று 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் ஒரு நோயாளியின் படுக்கையருகே வந்து சேர, விதியைத் திருத்தவும், மருந்தின் அளவைக் கணக்கிடவும், செவிலியர்களுக்குப் பயிற்சி தரவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். உங்கள் மகள் விரும்புவது அந்தப் பொறுப்பைத்தான்.

ஆனால் முதுநிலைப் படிப்புக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வாழ்வின் இறுதிக்கட்டத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லமே ஹாஸ்பிஸ். நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகவும் மருத்துவச் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகே மருத்துவரானார். 1967இல் லண்டனில் தம் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி என்பது உடலோடு நிற்பதில்லை, மனத்தையும் குடும்பத்தையும் நம்பிக்கையையும் பற்றியது என்ற அவருடைய புரிதல், நோயாளிகள் பேசுவதைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து கேட்டதால் வந்தது. ஆகவே இரண்டு ஆண்டுகளாவது ஒரு நோய்த்தணிப்புப் பிரிவில் உங்கள் மகள் பணியாற்றட்டும். அதன்பின் தேர்ந்தெடுக்கும் படிப்பில் நோய்ப்பரவலியல், உயிரிப் புள்ளியியல், சுகாதாரப் பொருளாதாரம் ஆகியவற்றோடு களப்பணியும் இருக்கிறதா என்று பாருங்கள். களப்பணி இல்லாத படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மனச்சோர்வைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பணியில் சேரும் முன், ஒரு நோயாளி இறந்தபின் குழுவாக அமர்ந்து பேசும் வழக்கமும், போதிய விடுப்பும் அங்கே உண்டா என்று அவர் நேரடியாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் வேறிடம் தேட வேண்டும். தொடக்க ஊதியம் பெரிய மருத்துவமனைகளைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்பதையும் இப்போதே குடும்பத்தில் பேசிவிடுங்கள்.

முதலில் ஒரு மாதம், வீடுகளுக்குச் சென்று பராமரிக்கும் குழு ஒன்றில் தன்னார்வலராக அவரைச் சேரச் சொல்லுங்கள். அந்த மாதம் முடிந்தபின் இருவருமாக வாருங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அப்போது முடிவு செய்யலாம்.